புது வேலையில் பால் எடுக்க நேரம் கேட்கலாமா?

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். சீனக்குடாப் பக்கத்தில் உள்ள ஒரு கடலுணவு பதனிடும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை உதவியாளராக வேலை கிடைத்து, நியமனக் கடிதமும் கைக்கு வந்துவிட்டது. வருகிற முதலாம் திகதி சேர வேண்டும். வேலை நேரம் காலை 7.30 முதல் மாலை 4.30 வரை. காலை ஆறரைக்கு உப்புவெளியில் பஸ் ஏறினால், வீடு திரும்ப மாலை ஐந்தரைக்கு மேலாகிவிடும். அதுவரை மகளை மாமி பார்த்துக்கொள்வார். இன்றுவரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் அவளுக்குக் கொடுத்ததில்லை. வேலைக்கு நடுவே பால் எடுத்து வைக்க நேரம் கேட்க நினைக்கிறேன். ஆனால் என் மேற்பார்வையாளர் ஓர் ஆண். நானோ முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலத்தில் இருக்கப் போகிறவள். வந்த அன்றே வசதி கேட்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பால்மாவைப் பழக்கிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போ என்கிறார் மாமி. எப்போது, யாரிடம், எப்படிக் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உப்புவெளி

பதில்:

அன்புள்ள மகளுக்கு, வேலையில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், நேரத்தைக் கேட்பதைவிட இடத்தை அழுத்திக் கேளுங்கள். நேரம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் என்றொன்று நம் இலங்கையில் உண்டு. பிள்ளைப்பேற்று விடுமுறைக்காக மட்டும் அதைத் தெரிந்து வைத்திருக்கிறோம். பாலூட்டும் இடைவேளையைப் பற்றியும் அது பேசுகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளைகள் தரப்பட வேண்டும். பிள்ளைப் பராமரிப்பு நிலையமோ பொருத்தமான வேறோர் இடமோ வேலைத்தலத்தில் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு மணி நேரம். சாப்பாட்டு இடைவேளையை இதற்குள் சேர்க்கக் கூடாது. உங்கள் மகளுக்கு ஒரு வயதாக இன்னும் ஏழு மாதங்கள் இருக்கின்றன. (கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோர் 1954ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் கீழ் வருகிறார்கள், ஆகவே வங்கியில் வேலை பார்க்கும் தோழிக்கு இந்தக் கணக்கை அப்படியே ஒப்புவித்துவிடாதீர்கள்.)

அந்த அரை மணிக்கும் ஒரு மணிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் உங்கள் பேச்சின் பலம் இருக்கிறது. ஒரு மணி நேரம் தந்தாலும், சீனக்குடாவிலிருந்து உப்புவெளிக்கு வந்து, பாலூட்டி, திரும்பிப் போக உங்களால் முடியாது. நிர்வாகத்துக்கோ, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்பது சுமையாகத் தோன்றும். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு சிறிய அறை, ஒரு நாற்காலி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், பால் எடுக்கும் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதானால் ஒரு பிளக், இவ்வளவும் கிடைத்தால், முப்பது முப்பது நிமிடங்களில் உங்கள் வேலை முடிந்துவிடும். இரு பக்கத்துக்கும் இலாபமான பேச்சு இது. சட்டத்தின் வாசகம் குழந்தைக்குப் பாலூட்டுவதைப் பற்றியது, பால் எடுத்து வைப்பதைப் பற்றியதல்ல என்று யாராவது வாதிட வரலாம். எடுக்கும் பாலும் அதே குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகிறது என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, சட்டப் புத்தகத்தை மேசையில் விரிக்காமல், அறையைப் பற்றிய பேச்சுக்குத் திரும்பி வாருங்கள்.

மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கேட்பதை நான் விரும்பவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே சரி என்று தலையாட்டிய ஒருவர், வேலை நெருக்கடியான நாளில் அதை மறந்துவிடுவார். நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டிருக்கும் மனிதவள முகாமையாளருக்கே எழுதி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம்; "தயவுகூர்ந்து மன்னிக்கவும்" என்று தொடங்கவும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"எனக்கு ஐந்து மாதக் குழந்தை உண்டு என்பதையும், நான் தாய்ப்பால் கொடுத்து வருகிறேன் என்பதையும் வேலையில் சேர்வதற்கு முன் தங்களுக்கு அறியத்தருகிறேன். குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை, மதிய இடைவேளை தவிர, காலை 9.45க்கும் பிற்பகல் 2.45க்கும் தலா முப்பது நிமிடங்கள் பால் எடுப்பதற்கு எனக்குத் தேவைப்படும். இதற்கென உட்புறம் பூட்டக்கூடிய ஓர் அறையை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பரிசோதனை வேலைகள் தடைப்படாதவாறு நேரத்தை முன்பின்னாக மாற்றியமைப்பது குறித்துப் பேச ஆயத்தமாக உள்ளேன்."

மணிக்கூட்டு நேரத்தைக் குறிப்பிடுவது முக்கியம். "கொஞ்ச நேரம்" என்று எழுதினால் எவ்வளவு என்று அவர்கள் கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

கழிப்பறையைக் காட்டினால் ஏற்க வேண்டாம். குழந்தைக்கான உணவைத் தயாரிக்கும் இடம் அது அல்ல என்பதை, உணவின் தரம் பார்க்கும் உங்களைவிட அங்கே யார் நன்றாகச் சொல்ல முடியும்? நான் படிப்பித்த முதல் பாடசாலையில் இப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. மூன்றாம் பாடம் முடிவதற்குள் மார்பு கல்லாகிவிடும். ரவிக்கை நனைந்ததை மறைக்க, கொப்பிக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வகுப்புக்கு வகுப்பு நடப்பேன். பிறகு சோக்குப் பெட்டிகள் அடுக்கிய களஞ்சிய அறையில், கதவுக்கு முதுகு கொடுத்து நின்று, பாலைப் பிழிந்து யன்னலுக்கு வெளியே ஊற்றுவேன். இரண்டு மாதத்தில் பால் வற்றிவிட்டது. அதற்குக் காரணம் விதி என்றார்கள் வீட்டில். மார்பு நிரம்பியபடியே மணிக்கணக்கில் இருந்தால் உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்பதே உண்மையான காரணம். அது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பாலை எடுக்க வேண்டும் என்பது இதனால்தான். மதிய இடைவேளையில் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் எடுத்துவிட்டால் அதுவும் உதவி. பால் கட்டி, மார்பின் ஓரிடம் சிவந்து காய்ச்சலும் வந்தால், பொறுத்துக்கொண்டிராமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.

தகுதிகாண் காலத்தைப் பற்றிய உங்கள் பயத்தைக் காரணமற்றது என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும், சேர்ந்து மூன்றாம் வாரம் திடீரென்று கேட்பவரைவிட, முன்கூட்டியே எழுத்தில் திட்டத்தோடு வருபவரை நிர்வாகம் மதிக்கும். முகத்துக்கு நேரே மறுத்தால் திருகோணமலையில் தொழில் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது; உங்கள் பிரதிக் கடிதத்தோடு போய் ஆலோசனை கேட்கலாம். அதை முதற் கடிதத்திலேயே குறிப்பிட்டுப் பயமுறுத்த வேண்டாம்.

இனிப் பாலைக் காப்பாற்றும் விடயம். இருபத்தைந்து பாகை வரையான வெப்பத்தில் நான்கு மணி நேரம் வெளியில் வைக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். கச்சான் காற்று அனலாக வீசும் நம் ஊரில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. உறைந்த ஐஸ் பொதிகள் வைத்த மூடிய பெட்டியில் 24 மணி நேரம் வரை இருக்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். நீங்கள் போகும் இடத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்து மீன் அறைக்குள் போத்தலை வைத்துவிடாதீர்கள். உணவுச்சாலையின் குளிர்சாதனப் பெட்டியில், திகதி எழுதிய பையில் வையுங்கள். பம்பைத் தொடுமுன் மேலங்கியைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மின்சாரம் நின்றுபோன நாளுக்காகக் கையால் பிழிந்தெடுக்கவும் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் ஒரே தடவையில் காட்டித் தருவார்.

அவர் வீட்டுக்கு வரும் நாளில் மாமியையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே என்பதை நீங்கள் சொன்னால் வாக்குவாதமாகும். அவர் சொன்னால் மாமி கேட்டுக்கொள்வார். பால் அடுக்கடுக்காகப் பிரிந்து மேலே ஆடை படிந்திருந்தால் அது பழுதல்ல, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைக்காமல் இளஞ்சூட்டு நீரில் போத்தலை இறக்கிச் சூடாக்க வேண்டும். குழந்தை குடித்து மீந்ததை மறுபடி எடுத்து வைக்கக் கூடாது. இவற்றை மாமி தன் கையாலேயே இரண்டு தடவை செய்து பார்க்கட்டும். போத்தல் வேண்டாமென்றால் சிறிய கோப்பையும் கரண்டியும் போதும். வேலைக்குச் சேர ஒரு வாரம் இருக்கும்போதே ஒத்திகை பாருங்கள். அந்த நேரம் நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் தாயின் மணம் அருகில் இருக்கும்வரை அந்தச் சின்னவள் கோப்பையில் வாய் வைக்கமாட்டாள்.