வைரத்தின் விலையை ரூபாயில் சொல்லுங்கள்: வாசகர் கேள்விகள்

எட்டு வயது மகன் என் போனில் விளையாடும்போது, அந்த விளையாட்டுக்குள் காசு மாதிரி செல்லும் ‘வைரம்’ வாங்கிவிட்டான். ப்ளே ஸ்டோரில் போட்டு வைத்திருந்த 1,900 ரூபாய் போய்விட்டது. ஆத்திரத்தில் அடித்துவிட்டேன். பணம் திரும்ப வருமா?

முதலில் பையனைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லுங்கள். அப்புறம் கூகுள் ப்ளேயில் அந்த ஆர்டரைத் திறந்து, வாங்கிய 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேளுங்கள். இனி ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வையுங்கள்.

10 ரூபாய் மிட்டாய்க்கும் 100 ரூபாய் பொம்மைக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரியும். 520 வைரம் எத்தனை ரூபாய் என்று உங்களுக்கே சட்டென்று சொல்ல வராது. பணத்தை வைரமாக மாற்றிக் காட்டினால் செலவு உறைக்காது, அதுதான் விஷயம். ஃபோர்ட்நைட் என்ற வீடியோ கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் மீது, நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதே போன்ற புகார்களை வைத்தது. ஒரு பட்டனைத் தவறித் தொட்டாலே பணம் போனது, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் வாங்க முடிந்தது என்றது. 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெரியவர்களே தடுக்கி விழும் இடத்தில் உங்கள் பிள்ளை விழுந்திருக்கிறான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் ‘லூட் பாக்ஸ்’ சூதாட்டமா?

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில பிரபல விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-இல் சொன்னது. நெதர்லாந்தில் ஃபிஃபா என்ற கால்பந்து வீடியோ கேமின் பெட்டிகளுக்காக விதித்த அபராதத்தை 2022-இல் நீதிமன்றம் ரத்து செய்தது.

என் அக்கா மகள் இப்படி ஒரு பரிசுச் சக்கரத்தைப் போனில் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரம் சுற்றி, டிராகன் உடைக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. “ஐயோ, ஜஸ்ட் மிஸ் சித்தி!” என்று மறுபடி அழுத்தப் போனாள். எங்கே நிற்க வேண்டும் என்பது புரோகிராமில் முன்பே முடிவாகிவிடுகிறது, சுற்றுவது கண்ணுக்காகத்தான். குழந்தைக்கு இதை விற்பது எனக்குச் சூதாட்டம்தான்.

சம்பளத்தில் மாதம் 200 ரூபாய்க்கு ‘ஸ்கின்’ (விளையாட்டில் வரும் பாத்திரத்துக்கான உடை, அலங்காரம்) வாங்குகிறேன். தப்பா?

இல்லை. விலை தெரிந்து, பிடித்து வாங்குகிறீர்கள். சரிதான்.

கோவையில் சிறிய கேம் நிறுவனம் நடத்துகிறேன். விளையாட்டுக்குள்ளே பொருள் விற்காமல் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. எப்படி நேர்மையாக விற்பது?

விற்பதில் தவறே இல்லை. விலையை ரூபாயில் போடுங்கள். விளையாட்டு நாணயத்தை நூறு நூறாக விற்றுவிட்டு, பொருளுக்கு 120 நாணயம் என்று வைக்காதீர்கள். மிஞ்சி நிற்கும் 80 நாணயம்தான் அடுத்த தூண்டில். ‘இன்னும் 10 நிமிடம்தான்’ என்று ஓடும் கடிகாரம், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடினால் அது பொய். இந்தப் போலி அவசரத்தை நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்திருக்கிறது.

அப்புறம், அள்ளிச் செலவழிப்பவரை உங்கள் தொழிலில் ‘திமிங்கலம்’ என்கிறீர்கள். அவரும் யாரோ வீட்டு மனிதர். ராத்திரி 2 மணிக்கு எட்டாவது முறையாக வாங்குகிறார் என்றால், அன்றைக்கு வாங்கும் பட்டனை மூடிவிடுங்கள்.