படத்தை வெச்சு மிரட்டினா என்ன பண்றது? டெல்டா மக்களுக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர் பக்கம் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆலோசனை சொல்றது என் வேலை. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அவங்க கூடவே போய் உட்கார்றதும் அதுல சேர்த்தி. கேட்டவங்க பெயரை எடுத்துட்டேன். கீழ படிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்: எதையும் அழிக்காதீங்க. பணம் கட்டாதீங்க.

கும்பகோணம், கல்லூரி மாணவி: அக்கா, பழகினவன்கிட்ட நானே அனுப்பின போட்டோ. இப்ப "கல்யாணத்துக்கு ஒத்துக்கோ, இல்லன்னா குரூப்ல போடுவேன்"ங்கிறான். நானே அனுப்பினதால கேஸ் நிக்காதுன்னு தோழி சொல்றா.

நிக்கும்மா. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவோட விளக்கத்துலயே இது இருக்கு: அந்தரங்கப் படம் எடுக்க ஒரு பெண் சம்மதிச்சிருந்தாலும், அதை அடுத்தவங்களுக்குப் பரப்ப அவ சம்மதிக்கலன்னா பரப்பினது குற்றம். பாலியல் படத்தை நெட்டுல பரப்புறவங்களுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ தனியா இருக்கு, முதல் தடவைக்கே 5 வருஷம் வரைக்கும் சிறை. அவன் இன்னும் போடலன்னாலும் மிரட்டினதே குற்றம்தான்.

இன்னைக்கே இதைச் செய்: அவன் மெசேஜை தேதி, நேரம் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு. பெயரை எப்ப வேணா மாத்திக்குவான், அதனால ப்ரொஃபைல் லிங்க்கை தனியா காப்பி பண்ணி வை. டெலிகிராம்ல அவன் நினைச்சா உன் போன்ல இருக்கிற சாட்டையும் சேர்த்து அழிக்க முடியும், தள்ளிப் போடாதே. தானா மறையிற மெசேஜ்னா இன்னொரு போனால ஸ்கிரீனைப் படம் எடு. பிளாக் பண்றது இதெல்லாம் முடிஞ்ச பிறகு.

அடுத்து "ஸ்டாப்என்சிஐஐ"ங்கிற தளம். உன் போட்டோ உன் போனை விட்டு வெளிய போகாது, அதோட டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டுற ஒரு குறியீடு மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி அதுல சேர்ந்திருக்கிற தளங்கள்ல யாராவது ஏத்தினா தடுக்க அது உதவும். 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு "டேக் இட் டவுன்"னு வேற தளம் இருக்கு.

பட்டுக்கோட்டை: டெலிகிராம் குரூப்பை ஹேக் பண்ணி படத்தை அழிக்க ஆள் தெரியுமா?

அப்படிச் சொல்லி காசு வாங்குறவன் அடுத்த மோசடிக்காரன். போகாதீங்க.

திருவாரூர், ஒரு அம்மா: என் பொண்ணுக்கு 16 வயசு. ஒருத்தன் நாலு மாசமா மிரட்டி படம் வாங்கியிருக்கான். இப்பதான் தெரிஞ்சது. ஏன் எங்ககிட்ட சொல்லல? கேட்டா மாத்தி மாத்திச் சொல்றா. எதை நம்புறது?

அம்மா, உங்களுக்குக் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். இந்தக் கேள்வியிலதான் நிறைய வீடு உடையுது.

பயம் தலைக்கேறும்போது எல்லாரும் கத்துறதோ ஓடுறதோ இல்லை. உடம்பு அப்படியே உறைஞ்சு போகும். அந்த நேரத்து நினைவு துண்டு துண்டாத்தான் பதியும். அவன் சட்டை கலர் ஞாபகம் இருக்கும், கிழமை இருக்காது. அதனால மாத்திச் சொல்றாளேன்னு பொய்னு முடிவு கட்டாதீங்க. ஏன் சொல்லலன்னா, சொன்னா போனைப் புடுங்குவீங்க, ஸ்கூலை நிறுத்துவீங்கன்னு அவளுக்குத் தெரியும். மிரட்டுறவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்: "உங்க அம்மாகிட்ட சொல்லட்டுமா?" அவன் கையில இருந்த ஆயுதம் போட்டோ இல்லம்மா, உங்க கோபம்.

படம் வெளிய போன பிள்ளைங்களுக்கு இது நடந்து முடிஞ்ச விஷயமா இருக்காது. டவுன் பஸ்ல பின் சீட்டுல ரெண்டு பையன் போனைப் பார்த்துச் சிரிச்சா, என்னைத்தான் பார்க்கிறாங்கன்னு தோணும். ஒரு பொண்ணு மன்னார்குடி பஸ்ல ஏறினதும் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னலோட ஒட்டி உட்கார்ந்துக்குவா, யார் போனும் தன் முதுகுக்குப் பின்னாடி இருக்கக் கூடாதுன்னு. ராத்திரி தூங்காம தன் பெயரையே தேடித் தேடிப் பார்க்கிறது, சாப்பாடு இறங்காதது, திடீர்னு எரிஞ்சு விழுறது, தன்னையே வெறுக்கிறது எல்லாம் வரும். உயிரை விடணும்னு பேசினா, பேசலன்னாலும் உங்களுக்குச் சந்தேகம் வந்தா, தனியா விடாதீங்க. அரசோட மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் பேசலாம், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிட்டுப் போங்க.

இன்னைக்கு ராத்திரி அவகிட்ட "ஏன் அனுப்பின"ன்னு கேட்காதீங்க. "நீ சொன்னது நல்லது, இனிமே நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லுங்க. அவ போனை அழிச்சுத் துடைக்காதீங்க. அந்தப் படத்தை ஆதாரம்னு சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் அனுப்பாதீங்க, குழந்தையோட அப்படிப்பட்ட படத்தை அனுப்புறதே குற்றம். மிரட்டல் மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் போதும், போனை போலீஸ் பார்த்துக்கும். இது போக்சோ, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கிற சட்டம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்க, குழந்தைகள் உதவி எண் 1098-லயும் சொல்லலாம்.

பாபநாசம், ஓய்வு பெற்றவர்: தெரியாத நம்பர்ல வீடியோ கால். எடுத்தா ஒரு பெண் ஆடையில்லாம. என் முகத்தோட ரெக்கார்ட் பண்ணி 20,000 கேட்டு, கொடுத்துட்டேன். இப்ப சிபிஐ அதிகாரின்னு ஒருத்தன் கூப்பிடுறான்.

ஐயா, அந்த அதிகாரியும் அதே கும்பல். இனி ஒரு ரூபா கூட கட்டாதீங்க. கட்டினா நிறுத்த மாட்டாங்க, இவர் கட்டுவார்னு குறிச்சு வெச்சுக்குவாங்க. உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க. பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள முடக்க முடியுமான்னு பார்ப்பாங்க. அப்புறம் வீட்ல மனைவிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஆம்பளைங்களும் இதுல பாதிக்கப்பட்டவங்கதான், வெட்கத்துல உயிரை விட்டவங்களும் இருக்காங்க. மிரட்டிப் பணம் பறிக்கிற 308-ஆம் பிரிவு ஆண் பெண் பார்க்காது.

மயிலாடுதுறை: கணவர் வாட்ஸ்ஆப்பை அவருக்குத் தெரியாம பார்க்க ஆப் சொல்லுங்க.

சொல்ல மாட்டேன். அதுவே குற்றம்.

திருத்துறைப்பூண்டி: படத்தை டெலிட் பண்ண ஹேக்கர்...

மேல பதில் இருக்கு. மேல படிங்க.

நீடாமங்கலம், ஒரு பெரியவர்: ஸ்டேஷன் கோர்ட்டுன்னு போனா பொண்ணு பேர்தான் கெடும். எங்க ஊர்ல இப்படி ஒண்ணு வந்தப்ப கோயில் மண்டபத்துல உட்கார்ந்து பேசி, பையன் போனை வாங்கி எல்லார் முன்னாடியும் கல்லால உடைச்சோம். விஷயம் முடிஞ்சது.

ஐயா, ஊருக்கு நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருப்பீங்க. ஆனா நீங்க உடைச்சது ஆதாரத்தை. படம் கூகுள் டிரைவ்ல இருக்கும், அவன் கூட்டாளி போன்ல இருக்கும். ஒரு மடையை அடைச்சுட்டு வாய்க்கால்ல தண்ணி நின்னுடுச்சுன்னு நினைக்கிற மாதிரி இது.

அதே பெரியவர்: சட்டம் பேசுறது சுலபம்மா. பொள்ளாச்சியில என்ன ஆச்சு? பொண்ணு பேரை போலீஸ்தானே சொன்னாங்க.

ஆமாங்க, பொண்ணுங்களை ஏமாத்தி வீடியோ எடுத்து மிரட்டின கும்பல் மேல வந்த வழக்கு அது, புகார் கொடுத்த பொண்ணு பேரை போலீஸே வெளிய சொன்னாங்க. 2019-ல அது பெரிய அநியாயம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லுச்சு. உங்க பயம் நியாயம், அதை மறுக்க மாட்டேன். ஆனா அதே வழக்குல 2025 மே மாசம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை கொடுத்துச்சு. அந்தப் பெண்கள் சாட்சி சொன்னதால வந்த தீர்ப்பு அது. மண்டபத்துல பேசி முடிச்சிருந்தா அந்தக் கும்பல் இன்னும் வெளியதான் சுத்திக்கிட்டு இருக்கும்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: பெரியவர் சொல்றதும் சரிதானே? பொண்ணு சம்மதத்தோட பேசி முடிச்சா என்ன தப்பு?

தம்பி, அந்த மண்டபத்துல அந்தப் பொண்ணு உட்கார்ந்திருந்துச்சா? பெரியவரைக் கேட்டுச் சொல்லு.

பெரியவர்: இல்லம்மா. அதோட அப்பாதான் வந்தார்.

அப்ப அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சுன்னு யாருக்குமே தெரியாது. ஐயா, அதுக்கு வயசு 18 ஆகலன்னா இன்னொண்ணும் இருக்கு. போக்சோ 19-ஆம் பிரிவுப்படி தெரிஞ்ச எவரும் புகார் சொல்லியே ஆகணும். மறைச்சா 21-ஆம் பிரிவுல 6 மாசம் வரைக்கும் சிறை. ரெண்டு தரப்பும் சமாதானமாப் போயிட்டாங்கன்னு போக்சோ வழக்கை ரத்து பண்ண முடியாதுன்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. இன்னும் காலம் போகல. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு பொம்பளை ஆளை அனுப்பிப் பேசச் சொல்லுங்க. நானும் வர்றேன்.

மன்னார்குடி: லோன் ஆப்ல என் முகத்தை மார்ஃபிங் பண்ணி சொந்தக்காரங்களுக்கு அனுப்புறாங்க.

மார்ஃபிங்கும் குற்றம்தான். 2021 விதிப்படி அப்படிப்பட்ட படத்தை புகார் வந்த 24 மணி நேரத்துக்குள்ள தளம் எடுக்கணும்னு இருந்துச்சு, 2026 பிப்ரவரியில அதை 2 மணி நேரமாக் குறைச்சுட்டாங்க. ஸ்கிரீன்ஷாட், மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன், சொந்தக்காரங்களுக்கு முன்கூட்டியே ஒரு வரி: "பொய்ப் படம், திறக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க."

நாகை: நிலப் பட்டா பேர் மாற்றம்...

என் வேலை இல்லைங்க. தாலுகா ஆபீஸ்.

வேதாரண்யம்: மிரட்டுறவன் சென்னையில இருக்கான். அங்கதான் புகார் கொடுக்கணும்ங்கிறாங்க. எனக்குத் தஞ்சாவூர் வரவே வசதி இல்லை.

எங்கேயும் அலைய வேண்டாம்மா. எல்லை எதுவானாலும் பக்கத்து ஸ்டேஷன்லயே எஃப்.ஐ.ஆர். போடலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு பேரு. மறுத்தா எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்புங்க. தேசிய சைபர் கிரைம் இணையதளத்துல பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீங்க: பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்க. பெண்களுக்கான உதவிக்கு 181. ஸ்டேஷனுக்குப் போகும்போது ஸ்கிரீன்ஷாட் பிரின்ட் ரெண்டு செட், அடையாள அட்டை, கூட ஒரு ஆள். போனை வாங்கி வெச்சுக்கிட்டா எழுத்துல ரசீது கேட்டு வாங்குங்க.