லயத்துக் காம்பராவில் ஹாம்லட்: கேள்வி பதில்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பாடம் முடிந்ததும் பிள்ளைகளும், கூட்டிப் போக வரும் பெற்றோரும் கதைப் புத்தகம், படம் என்று ஏதாவது கேட்பார்கள். இந்த மாதம் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாம் என் சொந்த அபிப்பிராயம்தான், சண்டைக்கு வரலாம்.

டீச்சர், என் மகன் சிவகாசி காமிக்ஸ் தவிர வேறெதையும் தொடுவதில்லை. கெட்டுப்போவானா? (ஒரு தாய், தலவாக்கலை)

நான் கெட்டுப்போன அளவுக்குத்தான் அவனும் கெடுவான். எனக்கு எழுத்துக் கூட்டக் கற்றுத் தந்ததே இரும்புக்கை மாயாவி. கரண்டைத் தொட்டதும் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும். எங்கள் லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில்) அப்போது கரண்டே இல்லை. கரண்ட் வந்தால் நாமும் மறைந்துவிடலாம் என்று நானும் தம்பியும் வருடக்கணக்காகக் காத்திருந்தோம். அது பிரிட்டிஷ் காமிக்ஸ் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் அதைத் தமிழில் கொண்டுவந்தபோது பேச்சு நம் பேச்சாகிவிட்டது. டெக்ஸ் வில்லரும் அப்படித்தான். 1948இல் இத்தாலியில் பிறந்தவர், தமிழில் வாய் திறந்தால் நம்மூர்ப் பெரியப்பா மாதிரி அதட்டுகிறார். மகனைப் படிக்க விடுங்கள், அம்மா. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் புத்தகத்தைப் பிடுங்குங்கள்.

புது பேட்மேன் காமிக்ஸ் பார்த்தீர்களா? (உயர்தர மாணவன், டிக்கோயா)

2024இல் தொடங்கிய 'அப்சொலூட் பேட்மேன்' தானே? முதல் தொகுப்பைப் பார்த்தேன். இதில் புரூஸ் வெய்னுக்கு மாளிகையும் இல்லை, வேலைக்காரரும் இல்லை. அப்பா ஒரு வாத்தியார், அம்மா உயிரோடு இருக்கிறார். சம்பளத்துக்கு உழைக்கும் வீட்டிலிருந்து ஒருவன் முகமூடி மாட்டினால் எப்படி இருக்கும் என்பதுதான் கதை. யோசனை எனக்குப் பிடித்தது. வெட்டுக்குத்துதான் கொஞ்சம் ஓவர். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறையாவது யாராவது உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம்.

மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) எதிலிருந்து தொடங்குவது?

'டீமன் ஸ்லேயர்'. 23 தொகுதியில் முடிந்துவிடும். 'ஒன் பீஸ்' 1997இல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டி ஓடுகிறது. பரீட்சை முடியட்டும்.

மாய நாவல் என்றாலே வெள்ளைக்காரன், கோட்டை, பனி. நமக்கு என்ன இருக்கிறது? (ஒரு தம்பி, பண்டாரவளை)

கோட்டை இல்லையே தவிர, பனிமூட்டம் நம்மிடம் தாராளமாக இருக்கிறதே! அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஒப் எர்த்சீ'யை எடுத்துப் பாருங்கள். மலைத்தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன். படை வரும்போது மூடுபனியை வரவழைத்து அதற்குள் தன் ஊரையே மறைத்துவிடுவான். நுவரெலியா பக்கம் மாலை நாலு மணிக்கு எதிரே வரும் பஸ் தெரியாமல் நின்றவர்களுக்கு அந்த இடத்தை விளக்கத் தேவையில்லை. அவனும் வெள்ளையன் இல்லை, செம்பழுப்பு நிறம். 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் அவனை வெள்ளையனாக்கியபோது லெ குவின் பகிரங்கமாகவே கோபப்பட்டார்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் நம் நாட்டுக்காரர் வஜ்ர சந்திரசேகர எழுதிய 'த செயின்ட் ஒப் பிரைட் டோர்ஸ்' (2023). மாய, அறிவியல் புனைவுகளுக்கான நெபியூலா விருது வாங்கிய நாவல். நிழலில்லாத ஒருவன், பெற்ற தகப்பனைக் கொல்வதற்கென்றே தாய் அவனை வளர்க்கிறாள். அவன் போய்ச் சேரும் நகரத்தில் மந்திரத்தைவிட எனக்குப் பயம் தந்தவை பத்திரங்களும், ஆட்களை இனம் இனமாகப் பிரிக்கும் பட்டியல்களும்தான். 1948இல் குடியுரிமை போய், 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 'உனக்கு ஐந்தேகால் இலட்சம், எனக்கு மூன்று இலட்சம்' என்று பங்கு பிரிக்கப்பட்ட மலையகச் சனம் நாம். அந்தப் பக்கங்களைக் கற்பனை என்று தள்ளிவைக்க என்னால் முடியவில்லை. நடுவில் கதை கொஞ்சம் வழி தவறுகிறது, பொறுமையாகப் படியுங்கள்.

ஷெஹான் கருணாதிலகவின் புக்கர் நாவல் 'த செவன் மூன்ஸ் ஒப் மாலி அல்மெய்டா'வும் (2022) உண்டு. செத்தவர்களுக்கும் அங்கே வரிசை, கவுண்டர், படிவம். கச்சேரிக்கு (மாவட்ட அரச அலுவலகத்துக்கு) போய் வந்த களைப்போடு படித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

'ஹாம்நெட்' படம் உண்மைக் கதையா? (ஆசிரியை, நோர்வூட்)

பாதி. ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்நெட் 1596இல் பதினொரு வயதில் இறந்தது உண்மை. எதனால் என்று பதிவு சொல்லவில்லை; கொள்ளைநோய் என்பது படத்துக்கு மூலமான நாவலை எழுதிய மேகி ஓ'ஃபாரலின் கற்பனை. சில வருடங்களில் 'ஹாம்லட்' வந்தது. ஹாம்நெட்டும் ஹாம்லட்டும் அந்தக் காலத்தில் ஒரே பெயர் மாதிரிதான். படத்தைவிட நாவலில் என் மனம் ஒட்டியது.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஷேக்ஸ்பியர் போடலாமா சேர் என்று அதிபரிடம் கேட்டால், ஏன் அந்நியக் கதை என்கிறார். (நாடகப் பொறுப்பாசிரியர், மஸ்கெலியா)

அந்நியமா? தமிழ் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், மக்பெத்தை 'மகபதி' ஆக்கினார். சிம்பலைனுக்கு அவர் வைத்த பெயர் 'சிம்ஹளநாதன்'! நம்ம விபுலானந்த அடிகள் 1926இலேயே 'மதங்க சூளாமணி' என்ற நூலில் ஷேக்ஸ்பியரை விரிவாக ஆராய்ந்துவிட்டார். உங்கள் சேரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். விஷால் பரத்வாஜின் இந்திப் படம் 'ஓம்காரா'வைப் பாருங்கள். ஒத்தெல்லோவில் வரும் கைக்குட்டை அதில் ஒட்டியாணமாகிறது. கைக்குட்டை தொலைந்தால் நம் பெண்கள் வேறொன்று வாங்குவார்கள். பரம்பரை ஒட்டியாணம் தொலைந்தால் வீடே பற்றி எரியும். அவருடைய 'மக்பூல்' படத்தில் சூனியக்காரிகளே இல்லை, சாதகம் கணிக்கும் இரண்டு பொலிஸ்காரர்கள்தான். மலையாள 'ஜோஜி' (2021) தோட்டக்காரக் குடும்பம் ஒன்றில் மக்பெத்தை வைக்கிறது. ராஜாவுக்குப் பதில் அதட்டும் அப்பன். அரண்மனை அரசியலை விட அந்த வீட்டு மௌனம்தான் எனக்குத் திகிலாக இருந்தது.

நீங்கள் மக்பெத்தே எடுங்கள். கொலை நடக்கும் இரவில், அதற்குச் சற்று முன் புருஷனும் பெண்சாதியும் வாதாடுகிறார்களே, அதைக் காமன் கூத்தில் ரதியும் மதனும் தர்க்கம் பாடுகிற மாதிரிப் போடுங்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி தடுப்பாள். மக்பெத்தின் பெண்சாதியோ கொல்லப் போ என்று தள்ளுவாள். மாசி மாதத்தில் ரதியின் அழுகையைக் கேட்டு வளர்ந்த சனத்துக்கு அந்தத் தலைகீழ் உடனே உறைக்கும். தப்பு மேளம் ஒன்று போதும், மற்ற வாத்தியம் வேண்டாம். கொலை முடிந்ததும் கேட்கும் கதவு தட்டும் சத்தத்தையும் தப்பிலேயே கொண்டுவாருங்கள். கிரீடம், வெல்வெட் சட்டையெல்லாம் வாடகைக்கு எடுக்காதீர்கள். கம்பளியும் படங்குச் சாக்கும் மலையில் எந்த ராஜாவுக்கும் பொருந்தும்.

'கேம் ஒப் துரோன்ஸ்' எழுதிய ஜோர்ஜ் மார்ட்டினின் அந்த வரிசையில் ஆறாவது புத்தகம் எப்போது வரும்?

ஐந்தாவது வந்தது 2011இல். அப்போது என்னிடம் சாதாரண தரம் படித்த பையன் இப்போது தன் பிள்ளையை வகுப்புக்குக் கூட்டி வருகிறான். அவனும் இதையேதான் கேட்கிறான்.

புத்தகம் இரவல் தருவீர்களா டீச்சர்?

தருவேன். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் பிறகு வாருங்கள், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. போன மாதம் ஒருவர் எர்த்சீயைக் குடைக்குள் வைத்துக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது அது இரண்டு மடங்கு தடிப்பாக இருந்தது.