ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம்

கேள்வி: போன ஆடிக் காற்றில் எங்கள் வாழை, குலை தள்ளிய நேரத்தில் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. கடன் அப்படியே நிற்கிறது. ஞாயிறு ஆராதனையில் புது வீடு, மகனுக்கு வேலை என்று, நன்றியாகக் கவரில் வைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிக்கும்போது தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். எப்போதும் துதிப்பதுதான் சாட்சி என்கிறார் எங்கள் சபைப் போதகரான ஐயர். சிரித்த முகத்தோடு பாடினால் எனக்கே நடிப்பாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டார் இந்துக்கள். அவர்கள் முன் நான் என்ன சாட்சி?
- ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம் வட்டாரம்

பதில்: மகளே, நடிக்க வேண்டாம். 42-ஆம் சங்கீதத்தைப் பாடியவர் இரவும் பகலும் கண்ணீரே தனக்கு உணவு என்கிறார். இன்னும் அவரைத் துதிப்பேன் என்பதும் அதே சங்கீதத்தில்தான் வருகிறது.

வேதத்தில் வரும் பிலிப்பி பட்டணத்துச் சிறையை எடுத்துக்கொள். இயேசுவின் ஊழியர்களான பவுலுக்கும் சீலாவுக்கும் அடிபட்ட காயம் ஆறவில்லை, கால்கள் தொழுமரம் என்ற மரக்கட்டையில் மாட்டியிருந்தன. நடுராத்திரியில் ஜெபம்பண்ணிப் பாடுகிறார்கள். 'காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்' என்று அப்போஸ்தலர் 16:25-இல் இருக்கிறது. பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தது அடுத்த வசனத்தில். அவர்கள் பாடியபோது கதவு பூட்டித்தான் இருந்தது. மற்றக் கைதிகள் கேட்டது அந்தப் பாட்டை. அதே இரவில் சிறைக்காரன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். பிற்பாடு பவுல் மறுபடியும் கட்டுண்டிருந்தபோது, 'சந்தோஷமாயிருங்கள்' என்று எழுதியது அந்த ஊர்ச் சபைக்குத்தான். அதை வாசிக்கக் கேட்டவர்களில் அந்தச் சிறைக்காரனும் இருந்திருப்பான் என்றே நான் நினைக்கிறேன்.

என் அப்பா பனையேறி. எனக்குப் பதினோரு வயதில் பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் சபையின் அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசியை ஓலைப் பெட்டியில் போடுவார். அடக்கம் முடிந்த வாரமும் அதை நிறுத்தவில்லை. இரவு ஜெபத்தில், "ஆண்டவரே, அவர் இல்லாமல் என்னால் முடியல" என்று அழுவார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "பிள்ளைகள் இன்னைக்குச் சாப்பிட்டாங்க, ஸ்தோத்திரம்" என்பார். அழுகையும் அவருடையது, ஸ்தோத்திரமும் அவருடையது. ஒன்றுக்காக மற்றொன்றை மறைத்ததே இல்லை.

ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆச்சி குடியிருந்தார், சுடலைமாடனைக் கும்பிடுகிற குடும்பம். அம்மா அவரிடம் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. பல வருஷம் கழித்து ஆச்சியின் கணவர் படுத்த படுக்கையானபோது, ஆச்சியே வந்து எங்கள் வாசலில் நின்றார். "ராத்திரி உன் சாமிகிட்ட பேசுவியே, அதே மாதிரி எங்க வீட்ல வந்து பேசும்மா" என்றார். அந்தத் தாத்தா கண்மூடும்வரை அம்மா தினமும் போனார். ஆச்சி ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் ஓலைப் பெட்டியில் அவர் போட்ட அரிசியும் இருந்தது.

சரி, உன் தோட்டத்துக்குப் போய்ப் பார். சாய்ந்த வாழையின் அடியில் பக்கக் கன்று ஒன்றாவது நின்றால், பத்து ரூபாயைக் கவரில் வைத்து, 'கன்று பிழைத்ததற்காக' என்று எழுது. கடனையும் அதே கவரில் ஜெபக் குறிப்பாக எழுது. ஐயர் இரண்டையும் வாசிக்கட்டும்.