தோள்மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி துப்பாக்கி சுடப் போகலாமா?

வலது தோள்மூட்டை மாற்றி ரெண்டு மாதம் ஆகிறது, ஷாட்கனில், வானத்தில் பறக்கவிடுகிற களிமண் தட்டைச் சுடுகிறவன், எப்போது திரும்பப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கோலாலம்பூர்தான். வயது 63, அதே வலது தோள், ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம். டாக்டர் இல்லை. தொலைபேசிக் கம்பத்தில் ஏறி இறங்கியே தோளைத் தேய்த்துக்கொண்டவன்.

போகலாம். நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எப்போது என்று பார்ப்பதற்கு முன்னால், உங்களுக்கு வைத்தது எந்த மூட்டு, நீங்கள் தூக்கப்போவது எந்தத் துப்பாக்கி என்று பார்க்கணும்.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். சாதாரண வகையில் கைப்பக்கம் உலோகப் பந்து, தோள்பட்டைப் பக்கம் பிளாஸ்டிக் கிண்ணம், பிறவியில் இருந்த மாதிரியே. சுற்றியிருக்கிற தசைநார்கள் உருப்படியாக இருந்தால் இதை வைப்பார்கள். அவை கிழிந்து போயிருந்தால் ரிவர்ஸ் வகை: பந்து தோள்பட்டைப் பக்கம், கிண்ணம் கைப்பக்கம், எல்லாம் தலைகீழ். பிரான்சில் பால் கிராமோன் என்ற டாக்டர் 1985 வாக்கில் கொண்டுவந்தது. கிழிந்த தசைநாரின் வேலையை மேலே இருக்கிற டெல்டாய்டு தசை இழுத்துப் போட்டுச் செய்யும். எனக்கு வைத்தது சாதாரண வகை, அதனால் நான் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். ரிவர்ஸ் வைத்த ஒரு அண்ணனுக்கு, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூட்டு நழுவுவது அந்த நிலையில்தானாம். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்கிற பழக்கத்தையே மனுஷன் விட்டுவிட்டார்.

சாதாரண வகையில் முன்பக்கத்துத் தசைநார் ஒன்றை வெட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். வேலை முடிந்ததும் திரும்பத் தைக்கிறார்கள். அந்தத் தையல் பிடிக்கிறவரைக்கும் எனக்கு ஆறு வாரம் ஸ்லிங். மூன்று மாதம் வரை கோப்பிக் கோப்பைக்கு மேல் எதையும் தூக்காதே என்றார்கள். சோற்றுக் கை கட்டிக் கிடக்க, இடக்கையில் கரண்டியோடு ரசம் சாதம் சாப்பிட்ட காலம் அது. இப்போது துப்பாக்கிக் கட்டை வழக்கமாக உட்காருகிற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். பிறகு தழும்பைத் தொட்டுப் பாருங்கள். ரெண்டும் அடுத்தடுத்த வீடு.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னிடம் கேட்டார். கோல்ஃப்? நீச்சல்? பேட்மிண்டன்? துப்பாக்கி சுடுவேன் என்றதும் பேனாவை வைத்துவிட்டு, "அங்கிள் போலீஸா?" என்றார். நடுவில் என் மனைவி புகுந்து, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று அவள் கேள்வியைப் போட்டாள். பத்துமலையின் 272 படியும் அந்த மனுஷன் கண் முன்னால் வந்து போயிருக்கும்.

ஷாட்கன் எப்படி உதைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் அடுத்த தடவை ஒரு நீளக் குடையைக் கொண்டுபோனேன். கைப்பிடியைத் தோளில் பதித்து, முழங்கை எவ்வளவு உயரும், தட்டு பறக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்பும், ஒரு காலையில் இதை எத்தனை தடவை செய்வேன் என்று நின்றபடியே காட்டினேன். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, நாலு சுற்று போனால் தோளுக்குக் குறைந்தது நூறு உதை. அதைக் கேட்டபிறகுதான் அவர் விவரமாகப் பேசினார். பயம் பந்துக்கு இல்லை, கிண்ணத்துக்கு. எலும்பில் ஒட்டியிருக்கிற அந்தக் கிண்ணம் வருடக்கணக்கில் அடி வாங்கினால் ஆடுகிற பல் மாதிரி ஆகிவிடலாம், பிறகு மறுபடியும் கத்திதான். உதைக்காத துப்பாக்கி ஐந்தாம் மாதம், ஷாட்கன் ஆறு மாதத்துக்கு முன்னால் பேச்சே கிடையாது, அதுவும் ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான். இது என் தோளுக்குச் சொன்ன கணக்கு. உங்களுடையதை உங்கள் டாக்டரிடம் வாங்குங்கள், குடையோடு போய்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் மாதம், சுடப் போகவில்லை, சும்மா பார்க்கத்தான் கிளப்புக்குப் போனேன். திரும்பும்போது நண்பரின் தோட்டாப் பெட்டியை மைவி காரின் பின்பக்கத்திலிருந்து வலக்கையால் இழுத்தேன். ஏழெட்டு கிலோ இருக்கும். தோளுக்கு முன்னால் சுரீர் என்று ஒரு இழு. தையல் போய்விட்டது என்று நினைத்து இரவெல்லாம் தூக்கம் இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனால் பிசியோ ஒரு மாதம் பின்னால் போனது. பிசியோ பார்க்கிற பிள்ளை, "சுடுறதுக்கு முன்னாடியே பெட்டி சுட்டுருச்சா அங்கிள்?" என்று கேட்டது. பெட்டியைத் தூக்குவதும் சுடுவதில் சேர்த்திதான். இன்னொரு சிக்கல், லைசென்ஸ் என் பெயரில் இருப்பதால் துப்பாக்கிப் பையை மகனிடம் கொடுத்து அனுப்ப முடியாது. சக்கரம் வைத்த பெட்டி வாங்கி இடக்கையால் இழுக்கிறேன்.

அமெரிக்க வீடியோக்களில், வீட்டுக்குப் பின்னால் ஏர் ரைஃபிளோடு ஆரம்பியுங்கள் என்று லேசாகச் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள். வீட்டில் விளக்குமாற்றுக் கட்டைதான், நான் அதைத் தோளில் வைத்து எடுத்தே ஒரு மாதம் பழகினேன். கிளப்பில் ஏர் ரைஃபிள் கிடைத்தால் அதிர்ஷ்டம், தோளுக்கு உதையே தெரியாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று சுட்டது ஏர் ரைஃபிள்தான். இதை என் மனைவியிடம் சொன்னேன். "அவங்க வயசென்ன, உங்க வயசென்ன?" என்றாள்.

பிஸ்டலுக்கு மாறு, உதையே இல்லை என்று கிளப்பில் நாலு பேர் சொல்வார்கள். ஏர் பிஸ்டல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கலாம், அதை ஒற்றைக் கையில், கையை நேராக நீட்டிப் பிடிக்கணும். போட்டியென்றால் 75 நிமிடத்தில் 60 குண்டு. பாசாரில் ஒன்றரைக் கிலோ கோழி வாங்கி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், புது மூட்டு என்ன சொல்கிறது என்று தெரியும். படுத்துச் சுடுவதும் எனக்கு ஒத்துவரவில்லை. உடம்புப் பாரம் முழுக்க முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. கடைசியில் ஒத்துவந்தது, மேசையில் மணல்மூட்டை வைத்து அதன் மேல் .22 ரைஃபிள். குண்டு ரெண்டரை கிராம்தான், சத்தம்தான் கேட்கும். மூன்று மாதம் அதிலேயே ஓட்டினேன்.

இடது தோளுக்கும் மாறிப் பார்த்தேன். எனக்கு வலது கண்தான் ஆளும் கண், அதாவது குறி பார்க்கும்போது முந்திக்கொள்கிற கண். தூரத்தில் ஒரு கம்பத்துக்கு நேராகக் கட்டைவிரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். உங்களுக்கு இடது கண் என்றால் இடது தோளுக்கு மாறிவிடுங்கள், பிரச்சினை அதோடு தீர்ந்தது. எனக்கு, வலது கண்ணை மறைக்கக் கண்ணாடியின் வலது பக்கத்தில் டேப் ஒட்டிச் சுட்டும் 25-க்கு 6. மானம் போனது, விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் மாதம்தான் என் ஷாட்கன், பன்னிரண்டு போர் (12 bore) அளவு. தோட்டாவுக்குள் இருக்கிற குண்டுகளின் எடையை 28 கிராமிலிருந்து 24 கிராமுக்கு இறக்கினேன். அதே துப்பாக்கி, அதே வேகம் என்றால் உதையின் சக்தி கிட்டத்தட்டக் கால் பங்கு குறைகிறது. கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ட்ராப் என்கிற ஒலிம்பிக் தட்டுப் போட்டியிலேயே 24-தான் உச்சம். கட்டையில் தடித்த ரப்பர் பேட் போட்டேன். அது போட்டதும் கட்டை நீளமாகி முகம் சரியாக உட்காரவில்லை, மரத்தைக் கொஞ்சம் அறுக்க வேண்டியிருந்தது. லேசான துப்பாக்கி தேடாதீர்கள், லேசாக இருந்தால் அதிகம் உதைக்கும். கனமாக இருந்தால் தூக்கவே தோள் கெஞ்சும். என்னுடையது மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, அதுவே போதும். முதல் நாள் ஐந்து தட்டோடு நிறுத்தினேன். ஐந்தில் மூன்று. வீட்டுக்கு வந்து ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வலியைவிட சிரிப்புதான் அதிகம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ரெண்டு சுற்று, அதுவும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. மற்றவர்கள் மூன்றாவது சுற்றுக்குப் போகும்போது நான் தே தாரே டீ குடிக்கப் போய்விடுவேன். மறுநாள் காலையில் தலை சீவக் கை உயர மறுத்தால் அடுத்த ஞாயிறு கிடையாது. தோள் சூடாக இருந்தாலோ, தழும்பு சிவந்தாலோ, நீவிவிடுகிறவரிடம் போய் நிற்காமல் நேராக அறுத்த டாக்டரிடம் போங்கள்.

பால்குடத்துக்குப் பதில் கிடைத்ததா என்று யாராவது கேட்பீர்கள். இடுப்பில் வைத்து எடுங்கள், தலையில் வேண்டாம் என்றார் டாக்டர். முருகன் ஒன்றும் சொல்லவில்லை.