கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்: ஐரோப்பாவில் பழைய அமெரிக்க கார்கள்

கேள்வி: அண்ணா, கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு வந்திருக்கும் 1967 ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை போட்டோவில் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. "துருவே கிடையாது, கம்பெனியில் போட்ட அதே எஞ்சின்" என்கிறார் விற்பவர். ஜெர்மனிக்குக் கொண்டு வரலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
(டோர்ட்முண்ட் வாசகர்)

பதில்: தம்பி, நானும் 1967 மஸ்டாங்தான் வைத்திருக்கிறேன். நானும் போட்டோவை நம்பித்தான் வாங்கினேன். அதனால் எஞ்சினைப் பிறகு பேசலாம், முதலில் தகட்டைப் பார்ப்போம்.

முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே வரிசையாகக் காற்றுத் துளைகள் இருக்கும். மழைத்தண்ணீர் அதில் இறங்கி, உள்ளே இருக்கும் இரட்டைத் தகட்டுப் பெட்டி வழியாக இரண்டு பக்கமும் ஓடி வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் அங்கே சேர்ந்து ஈரம் தங்கிவிட்டால் தகடு உள்ளிருந்தே அரித்துப்போகும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கலிஃபோர்னியா கார்தானே என்று இருந்துவிடாதீர்கள், மரத்தடியில் வருஷக்கணக்கில் நின்ற வண்டிக்கு ஊர் ஒரு பொருட்டே இல்லை. அங்கே நம்பிக்கையான ஆள் ஒருவர் கிடைத்தால், இரண்டு லிட்டர் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றும்போதே கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கி, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து வீடியோ எடுக்கட்டும்.

நான் அதைச் செய்யாமல் விட்டேன். பிரெமர்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து எடுத்து வந்த பிறகு பெய்த முதல் மழையிலேயே என் இடது ஷூ நனைந்தது. விரிப்பை உரித்துப் பார்த்தால், தரைத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ தகரத் துண்டை வைத்து ரிவெட் அடித்து, மேலே தார் பூசியிருந்தார்கள். விரலால் அழுத்தினேன், ஓரம் பிஸ்கட் போல உதிர்ந்தது. பானெட், முன் ஃபெண்டர்கள், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஒரு குளிர்காலம் முழுக்கப் போய்விட்டது. இந்த வேலையில் காரை விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். எஞ்சினை நாலு வார இறுதியில் இறக்கி ஏற்றிவிடலாம். உதிரி பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன.

அப்புறம் பின்சக்கரத்துக்குப் பின்னால், கீழ் ஓரத்தில் துணி சுற்றிய காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டாத இடத்தில் ஓட்டையையும் பள்ளத்தையும் அடைக்கும் பட்டி மாவைக் கனமாகப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"அதே எஞ்சின்" என்ற பேச்சுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். சேஸி நம்பர் 7ஆர்01சி என்று தொடங்கினால் 1967, சான் ஹோசே ஆலை, ஹார்ட்டாப் (கடினக் கூரை), இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8 என்று படிக்கலாம். ஆனால் அந்த வருஷம் சாதாரண 289 எஞ்சின்களில் ஃபோர்டு சேஸி நம்பரைப் பொறிக்கவில்லை. பிளாக்கில் இருக்கும் வார்ப்புத் தேதி, கார் தயாரான தேதிக்குச் சற்று முன்னதாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. அதுவும் நிரூபணம் ஆகாது.

வரி விஷயம் நமக்குச் சாதகம். 30 வயது கடந்த, அசல் நிலையில் உள்ள, தயாரிப்பு நின்றுபோன மாடல் என்று சுங்கத்துறை ஏற்றுக்கொண்டால் சுங்கவரி இல்லை, இறக்குமதி விற்பனை வரி 7 சதவீதம்தான். நவீன எஞ்சினும் பிரேக்கும் மாட்டிய வண்டியை அப்படி ஏற்க மாட்டார்கள், வழக்கமான சுங்கவரியும் 19 சதவீதமும் விழும். பழமை மாறாத பழைய கார்களுக்குக் கொடுக்கும் ஹெச் எழுத்து நம்பர் பிளேட் கிடைத்துவிட்டால் வருஷ வரி 191.73 யூரோ. அது இல்லாமல் 289க்கு, அதாவது 4.7 லிட்டர் எஞ்சினுக்குக் கணக்குப் போட்டால் 1,200 யூரோவைத் தாண்டும். உங்கள் காரின் பின்னால் இருக்கும் சிவப்பு இண்டிகேட்டரை மாற்ற வேண்டாம், 1970 ஜனவரி 1க்கு முன் முதலில் ஓடத் தொடங்கிய வண்டிகளுக்கு அது செல்லும்.

கேள்வி: பிரான்ஸில் எங்கும் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்தான். அப்பாவின் பழைய வி8க்கு ஊற்றலாமா?
(பாரிஸ் வாசகி)

பதில்: வேண்டாம் சகோதரி. எஸ்பி98 பெட்ரோல் போடுங்கள், அதில் எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாது. பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரில் உள்ள டயாஃப்ரத்தையும் எத்தனால் மெல்ல மெல்லக் கெடுக்கும், நின்ற வண்டியில் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். குழாய்களை எப்படியும் மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும் அபாயத்தை வைத்துக்கொண்டு ஒருநாள்கூட ஓட்ட வேண்டாம்.

கேள்வி: வீட்டில் இருக்கும் ஸ்பேனர்கள் போதுமா?
(பெர்ன் வாசகர்)

பதில்: போதாது. இந்த கார்களின் போல்ட்டுகள் அங்குல அளவில் இருக்கும். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் உட்காரும், கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் ஐம்பது வருஷம் இறுகிய போல்ட்டின் தலை உருண்டுபோகும். 7/16, 1/2, 9/16 இந்த மூன்றை மட்டுமாவது நல்ல தரத்தில் வாங்குங்கள்.

கேள்வி: மாமா, ஹாம்பர்க் பக்கம் ஒரு கொட்டகையில் மஸ்டாங் மாதிரியே ஒரு கார் நிற்கிறது. பக்கவாட்டில் டி-5 என்று இருக்கிறது. போலியா?
(ஹாம்பர்க் வாசகர்)

பதில்: போலி இல்லை மருமகனே. மஸ்டாங் என்ற பெயர் ஜெர்மனியில் க்ருப் நிறுவனத்திடம் இருந்தது, அவர்கள் அந்தப் பெயரில் லாரி விற்றார்கள். அதனால் 1964 முதல் 70களின் கடைசி வரை ஃபோர்டு இங்கே இதை டி-5 என்றே விற்றது. அசல் டி-5 என்று பத்திரங்கள் சொன்னால் உடனே போய்ப் பேசுங்கள். அந்தச் சின்னத்தைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, மஸ்டாங் எழுத்து ஒட்டிய ஒரு காரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.