வாசகர் கேள்வி – பதில்: மக்கள் தொடர்பியல் படிப்பவர்களுக்கு

கேள்வி: நான் மக்கள் தொடர்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தேர்வுகளில் மதிப்பெண் நன்றாகவே வருகிறது. ஆனால், இயல்பிலேயே நான் அதிகம் பேசாதவள். கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்குத்தான் இந்தத் துறை சரிப்பட்டு வரும் என்று உடன் படிப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, தவறான படிப்பில் சேர்ந்துவிட்டேனோ என்ற கலக்கம் வந்துவிட்டது. படிப்பு முடிவதற்குள் நான் எதில் கவனம் செலுத்த வேண்டும்?
— இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: நீங்கள் கலங்க வேண்டிய அவசியமே இல்லை. மக்கள் தொடர்பு அலுவலர் ஒருவரின் வேலை நாளில் பெரும்பகுதி படிப்பதிலும் கேட்பதிலும் எழுதுவதிலும்தான் கழிகிறது. காலையில் நாளிதழ்களையும் செய்தித் தளங்களையும் பார்த்து, தம் நிறுவனத்தைப் பற்றி வந்தவற்றைத் தொகுத்து மேலிடத்துக்கு அனுப்புவது, செய்தியாளர் கேட்ட விவரத்தை உரிய பிரிவிலிருந்து வாங்கிச் சரிபார்த்துக் கொடுப்பது, தலைவர் ஆற்ற வேண்டிய உரையை எழுதி, அவர் திருத்தித் தந்ததை மறுபடியும் எழுதுவது என்று பொழுது போய்விடும். மேடையேறிப் பேசும் நேரம் மிகக் குறைவு. அதிகம் பேசாதவர்களுக்குப் பெரும்பாலும் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் வாய்த்திருக்கும். கோபமாகத் தொலைபேசியில் அழைக்கும் வாடிக்கையாளரிடமும், அவசரத்தில் இருக்கும் செய்தியாளரிடமும் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

ஆகவே, மீதமுள்ள பருவங்களில் எழுத்துக்கு முதலிடம் கொடுங்கள். செய்திக் குறிப்பு எழுதுவது பாடத்திட்டத்தில் ஓர் அலகோடு முடிந்துவிடக்கூடும். அது போதவே போதாது. மாணவர்கள் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித் தொடங்குகின்றன: “எங்கள் துறையின் சார்பில் மாபெரும் ரத்ததான முகாம் மிகச் சிறப்பான முறையில் நடைபெறவுள்ளது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” இந்த வாக்கியத்தில் நாள் இல்லை, நேரம் இல்லை, இடம் இல்லை, யார் வரலாம் என்பதும் இல்லை. இருப்பதெல்லாம் நடத்துகிறவர்களின் மகிழ்ச்சி மட்டுமே; அது செய்தியாகாது. இதையே, “வரும் வெள்ளிக்கிழமை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை கல்லூரிக் கலையரங்கில் நடைபெறும் ரத்ததான முகாமில், 18 வயது நிறைந்த, உடல்நலமுள்ள எவரும் முன்பதிவின்றி ரத்தம் கொடுக்கலாம்” என்று எழுதினால், நாளிதழின் உதவி ஆசிரியர் கை வைக்காமல் அச்சுக்கு அனுப்ப முடியும். இடம் போதாதபோது அவர் கடைசிப் பத்தியிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வருவார் என்பதால், முதன்மையான விவரம் முதல் வாக்கியத்திலேயே இருந்தாக வேண்டும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி எளியது. ஏதேனும் ஒரு நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட்ட செய்திக் குறிப்பையும், அதை வைத்து நாளிதழ்களில் வந்த செய்தியையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எந்தச் சொற்கள் உதிர்ந்தன, எந்தத் தகவல் மேலே ஏறியது, குறிப்பில் இல்லாத எந்தக் கேள்வியைச் செய்தியாளர் வேறு யாரிடமோ கேட்டு எழுதியிருக்கிறார் என்று குறித்து வையுங்கள். வாரந்தோறும் ஒரு குறிப்பை இவ்வாறு பிரித்துப் பார்த்து வந்தால், ஒரே பருவத்தில் உங்கள் எழுத்து மாறியிருப்பதை உங்கள் ஆசிரியரே சொல்வார். கல்லூரியில் மாணவர் இதழ் இருந்தால் அதில் நிருபராகவும் சேர்ந்துகொள்ளுங்கள். செய்திக் குறிப்புகளைப் பெறுகிற இடத்தில் சில காலம் உட்கார்ந்தவருக்கு, எந்தக் குறிப்பு குப்பைக்கூடைக்குப் போகும் என்பது தானாகவே புலப்பட்டுவிடும். இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீயும் செய்தியாளராக இருந்து வந்தவர்தான். 1906-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த ரயில் விபத்து நேர்ந்தபோது, பென்சில்வேனியா ரயில்வே நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே வெளியிட்டது. உலகின் முதல் செய்திக் குறிப்பு என்று பலரும் அதையே குறிப்பிடுகிறார்கள்.

கேள்வி: நிறுவனத்துக்காகப் பொய் சொல்வதுதான் இந்த வேலை என்று என் அப்பா கருதுகிறார். முதலாம் ஆண்டிலேயே படிப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துகிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?
— முதலாம் ஆண்டு மாணவர்

பதில்: உங்கள் அப்பாவின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கித் தள்ளிவிடாதீர்கள். மேலே சொன்ன அதே ஐவி லீ, துல்லியமான தகவலையே தருவோம் என்று 1906-இல் செய்தியாளர்களுக்கு எழுத்து மூலம் உறுதியளித்தவர். ஆனால், 1914-இல் கொலராடோ நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது, சுரங்க நிறுவனத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ராக்ஃபெல்லர் தரப்புக்காக அவர் வெளியிட்ட வெளியீடுகளில் தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் பல மடங்கு பெருக்கிக் காட்டப்பட்டிருந்தது. பின்னர் விசாரணைக் குழுவின் முன்பு, நிறுவனம் தந்த தகவலைச் சரிபார்க்காமலேயே வெளியிட்டதாக அவர் கூறினார். இத்துறையில் பொய் பெரும்பாலும் இந்த வழியில்தான் நுழைகிறது. யாரோ கொடுத்த எண்ணை, கேள்வி கேட்காமல், நம் பெயரில் வெளியே அனுப்பிவிடுகிறோம்.

1982-ஆம் ஆண்டு நடந்ததையும் அப்பாவிடம் சொல்லுங்கள். சிகாகோ பகுதியில் சயனைடு கலக்கப்பட்டிருந்த டைலனால் என்ற வலிநிவாரணி கேப்சூல் மாத்திரைகளை உட்கொண்டு 7 பேர் இறந்தார்கள். தயாரிப்பு நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன், அந்த மாத்திரையை உட்கொள்ள வேண்டாம் என்று நாடு முழுவதும் எச்சரித்து, ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. நஞ்சு தொழிற்சாலையில் கலக்கவில்லை, கடைக்கு வந்த பிறகு எவரோ கலந்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. சில வாரங்களிலேயே, பிரித்தால் தடயம் தெரியும் புதிய அடைப்போடு அந்த மருந்து மீண்டும் விற்பனைக்கு வந்தது. இந்த நிகழ்வு எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது; மாணவர்கள் அதைப் பாராட்டி நான்கு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்த நாளில் நிறுவனத்துக்கு என்ன தெரிந்திருந்தது, அதில் எதை எப்போது வெளியே சொன்னது என்று கால வரிசையில் ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள். பொருளைத் திரும்பப் பெறும் முடிவைப் பொறுப்பாளர்கள் எடுத்த பிறகுதான் சொற்களுக்கு மதிப்பு வந்தது என்பது அப்போது விளங்கும். உண்மையை வெளியே சொல்வதற்கு முன்னால், அதை நிர்வாகத்தினரின் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவு வேண்டிய வேலை இது.

கல்லூரியிலேயே தொடங்கக்கூடிய பழக்கம் ஒன்று உண்டு. நீங்கள் எழுதும் ஒவ்வொரு பயிற்சிக் குறிப்பிலும், ஒவ்வொரு எண்ணுக்கும் பெயருக்கும் எதிரே அதை யார் சொன்னார், எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். விடை கிடைக்காத எண்ணை அடித்துவிடுங்கள்.

கேள்வி: இறுதியாண்டில் இருக்கிறேன். மதிப்பெண்ணுக்காக உழைப்பதா, உள்ளகப் பயிற்சிக்குப் போவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.
— இறுதியாண்டு மாணவர்

பதில்: மேற்படிப்புக்குத் தேவையான மதிப்பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டு, பயிற்சிக்குப் போய்விடுங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். நேர்காணலின்போதே, “நான் எழுதுவதை யார் திருத்துவார்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், அழைப்பிதழ் அனுப்புவதிலும் விருந்தினரை வரவேற்பதிலும் மாதங்கள் கரைந்துவிடும். நாலு பேர் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனத்தில் எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். உங்கள் நிலையில் அதுவே மேல்.

பயிற்சி முடிந்ததும் படைப்புத் தொகுப்பைத் தயாரிக்கும்போது, பிரமுகர்களோடு எடுத்துக்கொண்ட படங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பணிக்கும் நோக்கம் என்ன, கூட்டு முயற்சியில் உங்கள் பங்கு எது, முடிவில் என்ன மாறியது என்பதைச் சில வரிகளில் எழுதினால் போதும். வெளியான செய்தியின் பரப்பளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, இத்தனை லட்சம் மதிப்புள்ள விளம்பரம் கிடைத்தது என்று காட்டும் பழைய வழக்கத்தைப் பின்பற்றாதீர்கள். அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று, இத்துறைப் பணிகளின் பலனை அளவிடுவதற்காக வகுக்கப்பட்ட பார்சிலோனா கோட்பாடுகள் 2010-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டன. நீங்கள் பணியாற்றியது ஒரு ரத்ததான முகாமுக்காக என்றால், அதற்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உங்கள் அறிவிப்பைப் பார்த்து வந்ததாகச் சொன்னார்கள் என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் அதையே எழுதுங்கள்.